கறிவேப்பிலையில் தொடங்குக!

சொல் வழுவினால் வாழ்வும் வழுவும் என்பதற்குத் தமிழ்நாட்டு உழவைவிடத் தெளிவான சான்று வேறில்லை. பயிரைத் தின்னும் புழுவைக் கொல்லுதற்கென்றே ஆக்கப்பெற்ற நஞ்சுக்குப் 'பூச்சிமருந்து' என்று பெயரிட்டழைக்கும் வழக்கம், கடந்த அறுபதாண்டுக் காலத்தில் இம்மண்ணில் வேரூன்றிவிட்டது. உழவர் மருந்து அடிக்கின்றார். கடைக்காரர் மருந்து விற்கின்றார். கடன்தொல்லை தாளாது ஒருவர் அதனைக் குடித்து மாய்ந்தபோதும், 'மருந்தைக் குடித்துவிட்டார்' என்றே ஊர் பேசுகின்றது. 'மருந்து' என்று ஓர் அதிகாரம் வகுத்து, அதிற் பெரும்பகுதியும் உணவின் அளவையும் செரிமானத்தையுமே பேசிய திருவள்ளுவரின் மொழியில், இன்று அச்சொல் கொலைக்கருவியின் பெயராகி நிற்கின்றது. உயிர்காக்கும் சொல்லை உயிர்கொல்லும் பொருளின்மேல் ஏற்றியபின், அஞ்சவேண்டியதை அஞ்சாது கையாளும் பழக்கமும் தானே வந்து சேர்ந்தது. நஞ்சை நஞ்சென்று சொல்லத் தொடங்குவதே இத்துறையில் தமிழர் செய்யவேண்டிய முதற்பணி.

அவ்வாறு சொல்லத் தொடங்கிய குடும்பங்கள் இன்று பெருகி வருகின்றன. நஞ்சு தெளிக்காமல் விளைத்த காய்கனிகளைத் தேடி வாங்க விழைவோர் நகரிலும் உளர்; சிற்றூரிலும் உளர். ஆயின் அவ்விழைவுக்குக் குறுக்கே நிற்பது விலை. புதுக்கோட்டையிலோ அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ வாழும் ஒரு தையற்காரரின் குடும்பமோ, ஒரு கடைப்பணியாளரின் குடும்பமோ, கிழமைக்கு வேண்டிய காய்கனி அனைத்தையும் ஒன்றரை மடங்கும் இரு மடங்குமாக விலைகொடுத்து வாங்குதல் இயலாது. அனைத்தையும் வாங்க இயலாதெனின் எதனையுமே வாங்குவதில்லை என்று கைவிடுவோர் ஒருசாரார். கையிற் பணமிருக்கும் நாளில் கண்ணிற் பட்டதை வாங்கி உள்ளத்தைத் தேற்றிக்கொள்வோர் மற்றொருசாரார். இவ்விரண்டும் வழியல்ல. எதனை முதலில் நஞ்சின்றி வாங்குவது, எதனைப் பொதுச்சந்தையிலேயே வாங்கிக்கொள்வது என்று எண்ணித் துணிவதே அறிவுடைமை. அடுக்களைக்குள் முடிந்துவிடும் சிறு கேள்வியாக இது தோன்றலாம். ஆயின் இதன் வேர்கள் மண்ணுக்கும் மொழிக்கும் அரசுரிமைக்கும் ஓடுவன.

மேலைநாட்டுப் பட்டியல் உதவாது

இக்கேள்விக்கு விடை தேடுவோர் பெரும்பாலும் முதலிற் காண்பது அமெரிக்க நாட்டுப் பட்டியல். அங்குள்ள சுற்றுச்சூழற் பணிக்குழு என்னும் அமைப்பு, அந்நாட்டரசின் ஆய்வு முடிவுகளை அடிப்படையாகக் கொண்டு, நஞ்சு மிகுதியாக எஞ்சியுள்ள காய்கனிகள் பன்னிரண்டையும், குறைவாக எஞ்சியுள்ளவை பதினைந்தையும் ஆண்டுதோறும் வரிசைப்படுத்தி வெளியிடுகின்றது. அதனை அப்படியே தமிழிற் பெயர்த்துப் பரப்புவோரும் உளர். அவ்வமைப்பு 2020-ஆம் ஆண்டில் 'தூயவை' என வெளியிட்ட பதினைந்தனுள் கத்தரிக்காய், முட்டைக்கோசு, பூக்கோசு ஆகிய மூன்றும் இடம்பெற்றிருந்தன! தமிழ்நாட்டுத் தோட்டக்கால்களில் ஓயாது நஞ்சு தெளிக்கப்பெறும் காய்கள் எவையென உழவரைக் கேட்டால், அவர் முதலிற் கூறும் பெயர்களுள் இம்மூன்றும் அடங்கும். அவ்வாண்டில் அவர்தம் அழுக்குப் பட்டியலில் தலைமை தாங்கிய இசுட்ராபெரியோ புதுக்கோட்டைச் சந்தையிற் காண்டற்கரியது. தமிழர் நாள்தோறும் தாளிக்கும் கறிவேப்பிலைக்கு அப்பட்டியல்களில் இடமே இல்லை.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அவர்தம் வெப்பநிலை வேறு, பூச்சி வேறு, தெளிக்கும் நஞ்சும் தெளிக்கும் முறையும் வேறு, உண்ணும் உணவும் வேறு. அயலான் தன் அடுக்களைக்கு எழுதிய பட்டியல் தமிழன் அடுக்களைக்குப் பொருந்தாது. பொருந்தாதது மட்டுமன்று, கெடுதியும் பயக்கும். அப்பட்டியலை நம்பும் இல்லத்தரசி, கத்தரிக்காயைக் கவலையின்றி வாங்கிக்கொண்டு, வாராத இசுட்ராபெரிக்கு அஞ்சிக்கொண்டிருப்பார்.

தமிழ்நாட்டு விளைபொருள் பற்றி அயலார் கண்டு கூறியதும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம், இந்தியாவிலிருந்து சென்ற கறிவேப்பிலையையும் வெண்டைக்காயையும் நஞ்செச்சத்தின் பொருட்டுத் துறைமுகங்களில் தனிக் கண்காணிப்புக்கு உட்படுத்தியது. 2015-ஆம் ஆண்டில் கேரள அரசு, தமிழ்நாட்டிலிருந்து தன்னிடம் வரும் காய்கறிகளில் பூச்சிக்கொல்லி நஞ்சு அளவுக்கு மிஞ்சியுள்ளதெனக் குற்றஞ்சாட்டியது. தமிழ்நாட்டு அலுவலர் அதனை மறுத்துரைத்தனர். அவ்வழக்கில் எவர் கூற்று எத்துணை உண்மை என்பது ஒருபுறமிருக்க, தமிழர் உற்றுநோக்கவேண்டியது வேறொன்று. கடல்கடக்கும் கறிவேப்பிலைக் கட்டை ஐரோப்பியன் பிரித்து ஆய்கின்றான். எல்லைகடக்கும் காய்கறி மூட்டையை மலையாளி பிரித்து ஆய்கின்றான். புதுக்கோட்டைச் சந்தைக்கு விடியற்காலையில் வந்திறங்கி, அன்று மாலைக்குள் குழம்பாகிக் குழந்தைகளின் வயிற்றுக்குச் செல்லும் மூட்டையைப் பிரித்து நாள்தோறும் ஆய்பவர் எவர்? பிறருக்கு அனுப்புவதற்கு ஓர் அளவுகோல், தன் மக்களுக்கு அளவுகோலே இல்லாமை என்னும் நிலை, தன்மானமுள்ள எந்த இனத்திற்கும் அழகன்று.

நான்கு அளவுகோல்கள்

ஆய்வுக்கூடம் வீட்டுக்கு வாராதவரை, அறிவே ஆய்வுக்கூடம். ஒரு காயை நஞ்சின்றி வாங்குதல் எத்துணை இன்றியமையாதது என்பதைப் பின்வரும் நான்கினால் அளந்தறியலாம்.

முதலாவது, பறிப்பு இடைவெளி. ஒவ்வொரு நஞ்சுக்கும், தெளித்தபின் இத்தனை நாள் கழித்தே அறுவடை செய்யவேண்டும் என்றொரு காத்திருப்புக் காலம் உண்டு. நெல்லுக்கும் பயறுக்கும் அதனைக் காத்தல் எளிது. வெண்டையும் கத்தரியும் பாகலும் மிளகாயும் அத்தகையவல்ல. வெண்டையை இரண்டு நாளைக்கொரு முறை பறிக்காவிடின் முற்றி நாராகும். பறிப்பும் தொடர்வது, தெளிப்பும் தொடர்வது என்றானபின் காத்திருப்புக் காலம் தாளில் மட்டுமே எஞ்சும். முந்தின நாள் மாலை தெளித்ததும் மறுநாள் காலை பறித்ததும் ஒரே கூடையிற் சேரும்.

இரண்டாவது, புழு வாழும் இடம். கத்தரியின் தண்டையும் காயையும் துளைக்கும் புழு, முட்டையினின்று வெளிவந்த சிறுபொழுதிற்குள் உட்புகுந்துவிடுகின்றது. உட்புகுந்த புழுவை மேலே தெளிக்கும் நஞ்சு எளிதில் எட்டுவதில்லை. எனவே அது புகுமுன் கொல்ல வேண்டி, உழவர் திரும்பத் திரும்பத் தெளிக்கின்றார். இப்புழுவைக் காட்டியே மரபணு மாற்றிய பி.டி. கத்தரியைப் புகுத்த முயன்றனர். 2009 அக்டோபரில் அதற்கு ஒப்புதலும் கிட்டியது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்பினால் 2010 பிப்பிரவரி 9-இல் நடுவணரசு அதனை நிறுத்தி வைத்தது. முட்டைக்கோசையும் பூக்கோசையும் தாக்கும் வைரமுதுகு அந்துப்பூச்சியோ, பற்பல நஞ்சுகளுக்கும் பழகி, அவற்றைத் தாங்கி வாழும் திறம் பெற்றுவிட்டது. பூச்சி பழகப் பழக நஞ்சின் அளவு ஏறுகின்றது. மனித உடலோ அவ்வாறு பழகுவதில்லை.

மூன்றாவது, தோலும் பரப்பும். தோலை உரித்தெறிந்து உண்பதில் மேற்பரப்பு நஞ்சு பெரிதும் நீங்கும். தோலொடும் இலையொடும் உண்பதில் நீங்காது. இலைவகைக்கு எடைக்கு மிஞ்சிய பரப்பு உண்டு. தெளித்தது முழுதும் அதன்மேல் தங்கும். கறிவேப்பிலையும் கொத்துமல்லியும் புதினாவும் இக்குற்றத்தில் முன்நிற்பன. பூக்கோசின் பூவிடுக்கும், கொடிமுந்திரிக் குலையின் நெருக்கமும் அத்தகையனவே.

நான்காவது, உண்ணும் அளவும் உண்பவரும். திங்களுக்கொரு முறை உண்பதும் நாள்தோறும் உண்பதும் ஒன்றல்ல. தக்காளியும் பச்சைமிளகாயும் இல்லாத நாள் தமிழ்வீட்டில் அரிது. ஒரே அளவு நஞ்சு, வளர்ந்தவரின் உடலைவிட எடை குறைந்த குழந்தையின் உடலைப் பன்மடங்கு தாக்கும். கருவுற்ற மகளிரும் பால்குடி மக்களைப் பெற்றோரும் சிறுவரும் உள்ள வீட்டில், அவர் உண்பவற்றுக்கே முதலிடம் தருதல் வேண்டும்.

எவை முதலில், எவை பின்னர்?

இந்நான்கினாலும் அளந்தால் தமிழ்நாட்டுக்குரிய வரிசை தானே உருவாகும்.

கூடுதல் விலை கொடுத்தேனும் நஞ்சின்றி வாங்கத்தக்கவை: கறிவேப்பிலை, கொத்துமல்லி, புதினா ஆகிய இலைகள், கத்தரி, வெண்டை, பச்சைமிளகாய், தக்காளி, முட்டைக்கோசு, பூக்கோசு ஆகிய காய்கள், பழவகையிற் கொடிமுந்திரி (திராட்சை). பணம் மிகக் குறைவாக இருப்பின், இவற்றுள்ளும் நாள்தோறும் அடுக்களைக்கு வருவனவற்றை முதலிற் கொள்க.

இயலுமாயின் அவ்வாறு வாங்கத்தக்கவை: பாகல், புடலை, பீர்க்கு, அவரை, கொத்தவரை, கொய்யா, மாதுளை, கீரைவகைகள்.

பொதுச்சந்தையிலேயே வாங்கிக்கொள்ளத்தக்கவை: சேனை, கருணை, சேம்பு, மரவள்ளி முதலிய கிழங்குகள், பூசணி, பரங்கி, தோலுரிக்கும் வெங்காயம், வாழைப்பூ, வாழைத்தண்டு, தேங்காய், இவை எல்லாவற்றினும் மேலாகத் தமிழ்நாட்டின் மாநிலக்கனியாகிய பலா. ஆலங்குடிப் பக்கத்து வடகாட்டிலும் மாங்காட்டிலும் கீரமங்கலத்திலும் காய்க்கும் பலாவுக்கு இயற்கை அளித்த முள்தோலைவிடச் சிறந்த காப்பு எது? ஊரில் விளைவதை விட்டுவிட்டு, மெழுகு பூசி நெடுந்தொலைவிலிருந்து வரும் ஆப்பிளைப் பெருமையென எண்ணி வாங்கும் குடும்பம், பணத்தையும் இழக்கின்றது, பலாவுழவரையும் கைவிடுகின்றது. 2018 நவம்பர் 16-இல் கரைகடந்த கசாப்புயல் இம்மாவட்டத்தின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்துச் சென்றது. தலைமுறை தலைமுறையாய் நின்ற மரங்களை ஓரிரவில் இழந்த அவ்வுழவரின் கனியைத் தேடி வாங்குதல், வயிற்றுக்கும் நல்லது, இனத்துக்கும் கடன்.

மாம்பழமும் வாழைப்பழமும் தனிவகை. அவற்றின் தீங்கு பெரும்பாலும் தோட்டத்தில் நேர்வதன்று, கிடங்கில் நேர்வது. கார்பைடு கல்லை வைத்துப் பழுக்கவைத்தல் சட்டத்தால் விலக்கப்பெற்றது. அக்கல்லில் ஆர்செனிக்கு, பாசுபரசு முதலிய நச்சுக்கலப்பு இருத்தல் கூடும் என்பதே அவ்விலக்குக்குக் கரணியம். பருவம் வருமுன் சந்தைக்கு வரும் மாம்பழத்தையும், தோல் முழுதும் ஒரே மஞ்சளாய் மின்னிக் காம்பு மட்டும் பச்சையாய் நிற்கும் வாழைப்பழத்தையும் ஐயத்தோடு நோக்குக. வைக்கோலிலும் புகைமூட்டத்திலும் பழுக்கவைத்த மரபு இன்னும் முற்றும் அழிந்துவிடவில்லை. கேட்டு வாங்குவோர் இருந்தால் அது வாழும்.

கழுவிவிட்டாற் போதாதா என்று கேட்போர் உளர். கழுவுதல் நன்றே. உப்புநீரிலோ புளிக்கரைசலிலோ சிறிதுநேரம் ஊறவைத்துப் பின் நல்ல நீரிற் பலமுறை அலசினால், மேற்பரப்பில் ஒட்டிய நஞ்சு ஓரளவு நீங்கும். ஆயின் நஞ்சு இருவகைப்படும். தொட்ட இடத்தில் தங்கிக் கொல்வது ஒன்று. வேர்வழியும் இலைவழியும் செடியின் சாற்றோடு கலந்து உடல்முழுதும் பரவுவது மற்றொன்று. காயின் சதைக்குள் கலந்த நஞ்சைக் கழுவி நீக்கும் நீர் உலகில் இல்லை. கழுவுதல் இயலாதவருக்கு ஒரு துணை. நஞ்சின்றி விளைத்தலுக்கு மாற்றாகாது.

தோல் காக்காத ஒருவர்

இங்கு ஓர் எச்சரிக்கை. மேலே கூறிய வரிசை, உண்பவரைக் காக்கும் வரிசை, விளைப்பவரைக் காப்பதன்று. வாழைக்கு நடவின்போது இடும் நச்சுக்குருணை, பழத்தோலின் காப்பினால் உண்பவரை எட்டாமற் போகலாம். அக்குருணையை வெறுங்கையால் அள்ளி இட்டவரை எத்தோல் காக்கும்? முதுகில் தெளிப்பானைச் சுமந்து, மூக்கை மூடாமல், காற்றின் திசை நோக்காமல் தெளிக்கும் கூலித்தொழிலாளியே அந்நஞ்சின் முதல் நுகர்வோர். அவர் வீட்டுப் பெண்மணி அன்று மாலை துவைக்கும் அவர்தம் துணியில் இரண்டாம் பங்கு உண்டு. எனவே, 'எனக்குத் தீங்கில்லை' என்பதோடு நின்றுவிடும் வாங்குதல் அரைக்கிணறு தாண்டுதல். பொதுச்சந்தையில் வாங்கிக்கொள்ளத்தக்கவை என்பன இன்றைய வறுமைக்கு ஏற்ற ஓர் ஒழுங்கே. என்றைக்கும் உரிய இலக்கன்று.

இந்நஞ்சின் வரலாற்றை மறத்தலாகாது. 1984 திசம்பர் 2-ஆம் நாளிரவு போபாலில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற நச்சுவளி, பூச்சிக்கொல்லி செய்தற்கென ஆலையிற் சேர்த்து வைக்கப்பெற்றிருந்த பொருளிலிருந்தே எழுந்தது. கேரளத்துக் காசர்கோட்டு முந்திரிக்காடுகளில் ஏறத்தாழக் கால் நூற்றாண்டுக் காலம் வானூர்தியிலிருந்து எண்டோசல்பான் தெளித்ததன் விளைவை, ஊனமுற்றுப் பிறந்த பிள்ளைகளின் வாழ்வில் இன்றும் காணலாம். உச்சநீதிமன்றம் அந்நஞ்சை நாடு முழுதும் தடைசெய்தது 2011 மே திங்களில். முந்திரி இம்மாவட்டத்துக்கும் உரிய பயிர் என்பதைப் புதுக்கோட்டையார் நினைவிற் கொள்க. காய்கறிகளில் தெளித்தலாகாதென விலக்கப்பெற்ற பின்னும் பிற பயிர்களுக்கெனக் கடைகளில் விற்கப்பெற்றுவந்த மோனோகுரோட்டோபாசு, 2013 சூலை 16-இல் பீகாரின் சாரண் மாவட்டப் பள்ளி ஒன்றில் நண்பகலுணவிற் கலந்து 23 குழந்தைகளின் உயிரைக் குடித்தது. காய்கறிக்கு ஆகாது, பருத்திக்கு ஆகும் என்று ஒரே கடையில் ஒரே புட்டியை விற்கும்வரை, அவ்விலக்கு தாளில் எழுதிய விலக்கே.

உரிமை எவர் கையில்?

இந்நஞ்சுகளைத் தமிழ்நாட்டரசே தடைசெய்துவிடக் கூடாதா? இங்குத்தான் அடுக்களைக் கேள்வி அரசுரிமைக் கேள்வியாக மாறுகின்றது. 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம், எந்நஞ்சைப் பதிவு செய்வது, எதனை நீக்குவது என்னும் அதிகாரத்தைத் தில்லியிடம் வைத்துள்ளது. மாநில அரசு 60 நாள் அளவிற்கே ஒரு நஞ்சைத் தடுத்து வைக்கலாம். அதற்குமேல் நீட்டிப்பதற்கும் சிறு வரம்பே உண்டு. 2023-இல் தமிழ்நாட்டரசு, தற்கொலைகளைத் தடுக்கும் நோக்குடன் ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாள் தடைசெய்ததும் இவ்வரம்புக்குட்பட்டே. அறுபது நாளில் ஒரு கத்தரிச்செடி காய்க்கத் தொடங்கும், அவ்வளவே. மண் தமிழருடையது, நீர் தமிழருடையது, நோயும் தமிழருடையது, அதிகாரம் மட்டும் தில்லியினுடையது என்றால், இதற்குப் பெயர் கூட்டாட்சி ஆகாது. தன் மக்கள் உண்ணும் உணவில் எந்நஞ்சு கலக்கலாகாது என்று தானே முடிவு செய்யும் உரிமை, ஒவ்வொரு தேசிய இனத்தின் பிறப்புரிமை.

அதிகாரம் ஒருபுறமிருக்க, கையிலுள்ள மொழியுரிமையேனும் ஒழுங்காகக் காக்கப்பெறுகின்றதா? 'அங்கக வேளாண்மை' என்று ஒரு பெயரைத் தமிழ்நாட்டரசின் ஏடுகள் சுமந்து நிற்கின்றன. சான்றளிக்கும் துறைக்கும் அதுவே பெயர். 2023 மார்ச்சில் வெளியிட்ட கொள்கைக்கும் அதுவே பெயர். 'இயற்கை வேளாண்மை' என்று நம்மாழ்வார் ஊரூராய்ச் சென்று உரைத்து, எழுதப்படிக்கத் தெரியாத உழத்தியும் சொல்லக் கற்ற அழகிய தமிழ்ச்சொல் இருக்க, உழவர் எவருக்கும் விளங்காத வடசொல்லை முன்நிறுத்துவானேன்? கடைகளிலோ 'ஆர்கானிக்' என்னும் ஆங்கிலச் சொல், விலையை ஏற்றுதற்குரிய மந்திரமாகப் பயன்படுகின்றது. ஆவின் ஐந்து பொருள்களைக் குறிக்க 'ஆனைந்து' என்னும் சொல் தேவாரக் காலத்திலேயே வழங்கியது. இன்று அதே பொருளாற் செய்யும் பயிரூட்டத்திற்கு 'ஆவூட்டம்' என்னும் நற்றமிழ்ச் சொல்லும் உண்டு. இவ்விரண்டையும் ஒதுக்கிவிட்டுப் 'பஞ்சகவ்யா' என்று விற்பதனால் பயிர் கூடுதலாக ஒரு பூப் பூத்துவிடுமா? விளங்கும் சொல்லில் இருப்பதே மக்களுடைமை; விளங்காத சொல்லில் இருப்பது வணிகரின் உடைமை. வேம்பின் பூஞ்சை விரட்டும் ஆற்றலுக்கே ஓர் அமெரிக்க நிறுவனமும் அந்நாட்டு வேளாண்துறையும் 1994-இல் ஐரோப்பாவிற் காப்புரிமை பெற்றன என்பதும், நெடிய எதிர்ப்பின் பின்னர் 2000-இல் அது நீக்கப்பெற்று, 2005-இல் மேல்முறையீடும் தோற்றது என்பதும், பெயரையும் அறிவையும் காக்கத் தவறுவோருக்கு நேரும் கேட்டினைக் காட்டும்.

புதுக்கோட்டை காட்டிய வழி

இம்மாவட்டம் போராடத் தெரியாத மாவட்டமன்று. 2017 பிப்பிரவரியில் நெடுவாசலில், நீர்க்கரியத் திட்டத்தை எதிர்த்து மகளிரும் மாணவரும் முதியோரும் பல கிழமைகள் அமர்ந்தனர். நாடே திரும்பிப் பார்த்தது. 2020-இல் இயற்றப்பெற்ற காவிரிப்படுகைப் பாதுகாப்பு வேளாண் மண்டலச் சட்டத்திற் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஒரு பகுதியும் சேர்க்கப்பெற்றது. நிலத்தின் அடியில் இறங்கவிருந்த குழாயை மறித்தவர்கள், அதே நிலத்தின் மேல் நாள்தோறும் இறங்கும் நஞ்சை மறிக்க இயலாதவரல்லர்.

அதற்கு வழிகாட்டியும் இம்மண்ணிலேயே உண்டு. தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் 1938-இற் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை பயின்று, கோவில்பட்டி ஆய்வுநிலையத்து அரசுப்பணியை உதறி வெளிவந்த கோ. நம்மாழ்வாரின் உழைப்பும் வழிகாட்டலும் பெற்று, கீரனூரை அடுத்த ஒடுகம்பட்டியின் வறண்ட மண்ணில் கொழிஞ்சிப் பண்ணை உருவாயிற்று. கொழிஞ்சி என்பது வானம் பொய்த்த நிலத்திலும் தானே முளைத்து, காற்றிலுள்ள தழையூட்டத்தை வேர்முடிச்சிற் பிடித்து மண்ணுக்கு அளிக்கும் எளிய செடி. பெருநீரும் பெருமுதலும் இல்லாத செம்மண் மாவட்டத்தில், நஞ்சும் வேதியுரமும் இன்றி விளைவு எடுக்கலாம் என்பதற்கு அப்பண்ணை சான்றாகியது. 2013 திசம்பர் 30-இல், பட்டுக்கோட்டைப் பக்கத்து அத்திவெட்டியில், மீத்தேன் திட்ட எதிர்ப்புப் பணிக்கிடையே அப்பெருமகனார் மறைந்தார். அவர் விட்டுச் சென்ற பாடம் மறையவில்லை.

ஆயின் பாடத்தைப் பதறிப் படித்தலாகாது. 2021 மே திங்களில் இலங்கை அரசு, வேதியுரத்தையும் பூச்சிக்கொல்லியையும் ஒரே ஆணையில் நிறுத்தியது. மாற்று உரம் அணியமாகவில்லை; உழவர் பயிற்சி பெறவில்லை; மண் ஆறவில்லை. நெல்லும் தேயிலையும் சரிந்தன; விலை ஏறியது; சிங்கள உழவரோடு ஈழத்தமிழுழவரும் இழப்புற்றனர். அவ்வாண்டு நவம்பரிலேயே அரசு பின்வாங்கியது. மறுபுறம், சிக்கிம் மாநிலம் 2003-இல் தொடங்கிப் பன்னீராண்டுக்கு மேற்பட்ட காலத்திற் படிப்படியாக மாறி, 2016-இல் முழு இயற்கை வேளாண் மாநிலமாக அறிவிக்கப்பெற்றது. சான்றளிப்பு விதிகளே, பருவப் பயிர் நிலத்துக்கு இரண்டு ஆண்டும், நெடுநாள் மரப்பயிர் நிலத்துக்கு மூன்று ஆண்டும் மாறுகாலம் வகுத்துள்ளன. அம்மாறுகாலத்தில் விளைச்சல் குறையும், சான்றும் கிட்டாது, கூடுதல் விலையும் கிட்டாது. உழவர் ஒடிவது அந்த இடைக்காலத்திலேயே. அவ்விடைக்காலத்தில் அவரைத் தாங்கிப் பிடிக்கும் கை, வாங்குவோரின் கையாக இருத்தல் வேண்டும்.

இங்கேதான் வாங்குவோரின் வரிசையும் விளைப்போரின் வரிசையும் ஒன்றாகின்றன. நூறு குடும்பங்கள் கூடி, 'கத்தரியும் வெண்டையும் மிளகாயும் எங்களுக்கு நஞ்சின்றி வேண்டும். புழு துளைத்த காய் பத்துக்கு ஒன்று இருந்தாலும் கொள்வோம். கிழமைதோறும் இத்தனை கிலோ உறுதி' என்று அண்டை ஊரின் ஐந்து உழவரிடம் முன்கூட்டிச் சொல்லுமாயின், அவ்வுழவர் தம் நிலத்தில் கால் ஏக்கரையேனும் அச்சமின்றி மாற்றுவர். நொச்சியும் வேம்பும் ஆடாதோடையும் எருக்கும் ஆவின்நீரிலிட்டு ஊறவைத்த இலைக்கரைசல், கடைநஞ்சின் விலையிற் சிறுபகுதிக்குக் கிட்டும். கண்டு பேசி, நிலத்தைப் பார்த்து, நம்பிக்கையோடு வாங்கும் இடத்தில் ஒட்டுத்தாள் சான்றுக்கும் தேவையில்லை. உழவர் தாமே குழுவாகக் கூடி ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்றளிக்கும் பங்கேற்பு முறையும் நடைமுறையில் உண்டு. பெருஞ்செலவுச் சான்றுக்கு வழியற்ற சிற்றுழவர்க்கு அது ஏற்றது.

இவை அனைத்துக்கும் முன்னர், ஒரு காசும் செலவின்றி இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. நஞ்செச்சத்தில் முன்வரிசையில் நிற்கும் கறிவேப்பிலையே, வீட்டுக்கொல்லையில் வளர்த்தற்கு மிக எளியதும் ஆகும். ஒரு கன்று, கைகழுவும் நீர், ஈராண்டுப் பொறுமை. மாடிவீட்டார்க்கு ஒரு தொட்டி போதும். அதனருகே ஒரு முருங்கைக் கொம்பு, ஒரு மிளகாய்ச்செடி, ஒரு பிடி கொத்துமல்லி விதை. பட்டியலின் தலையிலுள்ள நஞ்சில் ஒரு பகுதி, கடைக்குப் போகாமலேயே வீட்டைவிட்டு வெளியேறிவிடும்.

பள்ளிதோறும் மாணவர்க்கு நஞ்சுப் புட்டியின் ஒட்டுத்தாளைப் படிக்கக் கற்பிக்க வேண்டும். 1971-ஆம் ஆண்டு விதிகளின்படி அதில் ஒரு வண்ணக்குறி இருக்கும்: சிவப்பு கடுங்கொடு நஞ்சு, மஞ்சள் கொடுநஞ்சு, நீலம் இடைநஞ்சு, பச்சை குறைநஞ்சு. பச்சை என்றால் தீங்கற்றது என்று எண்ணும் உழவர் பலர். தந்தைக்குப் பிள்ளை படித்துச் சொல்லட்டும். ஊராட்சி மன்றங்கள் தத்தம் ஊர்ச்சந்தைக் காய்கறியை ஆய்வுக்கு அனுப்பி, முடிவைத் தமிழில் எழுதி ஊர்ப்பொதுவிடத்தில் ஒட்டுமாறு தீர்மானம் நிறைவேற்றட்டும். அவ்வாறு ஊர்தோறும் எழுதப்பெறும் முடிவுகள் சேருங்கால், அமெரிக்கனிடம் கடன்வாங்காத, தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு பட்டியல் உருவாகும்.

நஞ்சை மருந்தென்ற நா, நஞ்சென்று திருந்தட்டும். கை கறிவேப்பிலைக் கன்றை நடட்டும். கூடை ஊருழவரைத் தேடிச் செல்லட்டும். தன் சோற்றில் கலப்பதைத் தானே முடிவு செய்யத் துணிந்த மக்கள், தம் நாட்டில் நடப்பதையும் தாமே முடிவு செய்யத் துணிவர். தமிழர் அத்துணிவை அடுக்களையிலிருந்தே தொடங்குவாராக!